பெயரை வாலில் பிடியுங்கள்: திருகோணமலைத் தெருக்களும் அயலூர்களும்

போன மாதம் எனக்கு ஒரு பொதி கொண்டு வந்த தம்பி பாதி வழியில் நின்று அழைத்தான். "அண்ணா, நீங்க போட்ட வீதிப் பெயர் இங்க ஒருத்தருக்கும் தெரியாதாம்." நான் வீதியை விட்டுவிட்டு, "மடத்தடிச் சந்தி தெரியுமா?" என்றேன். "அதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றவன் ஐந்து நிமிடத்தில் வாசலில் நின்றான். வீதிப் பலகையில் இருக்கும் பெயருக்கு ஒரு தீர்மானம், ஒரு திகதி, ஒரு கையொப்பம் எல்லாம் எங்காவது ஒரு கோப்பில் இருக்கும். மடத்தடிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது மடத்தடிதான்.

இரண்டும் இரண்டு விதமாகப் பிறந்த பெயர்கள். ஒன்று வைத்த பெயர், மற்றது வந்த பெயர். வைத்த பெயருக்கு ஓர் ஆளோ ஒரு சபையோ பொறுப்பு. வந்த பெயருக்கு யாரும் பொறுப்பில்லை. யாரோ ஒருவர் "எந்த இடத்தில்?" என்று கேட்டிருப்பார், இன்னொருவர் கண்ணில் பட்டதைச் சொல்லியிருப்பார், அது அப்படியே நின்றுவிட்டது. திருகோணமலைப் பட்டினத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் பழகினால், பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை வாசிப்பதே நல்ல பொழுதுபோக்காகிவிடும்.

பழகுவதற்கு ஒரு சின்ன வித்தை இருக்கிறது. பெயரை வாலில் இருந்து வாசிக்க வேண்டும். இடப்பெயர் ஆய்வில் ஒரு பெயரைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். உப்புவெளி என்பதில் 'உப்பு' சிறப்புக்கூறு, 'வெளி' பொதுக்கூறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு கதை தேடுவார்கள். அதில் வழுக்கி விழுவது சுலபம், ஏனென்றால் முதற்பாதி ஊருக்கு ஊர் மாறும், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடையாது. பின்பாதி அப்படியில்லை. சில பத்துச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நாலு ஊரில் ஒரே வால் இருந்தால், அந்த நாலு ஊரின் நிலத்தையும் பார்த்துப் பொருளைச் சரிபார்க்கலாம்.

வெளியையே எடுத்துக்கொள்வோம். பட்டினத்துக்குள் மனையாவெளி. வடக்கே கடலோரமாகப் போனால் முதலில் உப்புவெளி, பிறகு நிலாவெளி, இன்னும் மேலே குச்சவெளி. வெளி என்றால் மரமோ வீடோ மறைக்காத திறந்த நிலம். கிழக்கு மாகாணத்தில் வயற்பரப்பையும் வெளி என்றே சொல்கிறோம். வடக்கே உள்ள இந்த மூன்று ஊர்களில் எதற்குப் போனாலும் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் தட்டையாக விரிந்த மணற்பூமியைப் பார்க்கலாம். அதனால் வால் பொய் சொல்லவில்லை என்று உறுதியாகிறது. அதன் பிறகுதான் தலைக்கு வர வேண்டும். உப்புவெளியில் உப்பு ஏன் என்று கேட்டால், இந்தக் கரையில் களப்புநீர் வற்றினால் உப்புப் பூப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு சின்ன வேடிக்கை: இன்று உப்பளம் பார்க்க வேண்டுமென்றால் உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் போக வேண்டும். உப்பு ஓரிடத்தில், பெயர் ஓரிடத்தில்.

நிலாவெளி என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குக் கவிதை வந்துவிடும். வரட்டும். அந்தக் கரையில் பௌர்ணமி இரவு நின்று பார்த்தவர்கள் யாரும் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் பெயரைப் படிக்கும்போது அழகு ஒரு சாட்சி ஆகாது. இந்த எச்சரிக்கையை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

நிலத்தைச் சொல்லும் வால்கள் வேறும் உண்டு. பாலையூற்றில் ஊற்று, வெள்ளைமணலில் மணல், கப்பல்துறையில் துறை, சீனக்குடாவில் குடா, புல்மோட்டையில் மோட்டை. மோட்டை என்பது வன்னியிலும் இந்தப் பக்கத்திலும் சின்னக் குளத்துக்குச் சொல்லும் சொல். குளத்தைவிடச் சிறியது, மாடு தண்ணீர் குடிக்கப் போதும். பாலையூற்றில் வரும் பாலை, ஐந்திணையில் வரும் வறண்ட பாலை இல்லை. அது பாலை மரம். இந்த உலர்ந்த நாட்டுக் காட்டின் உறுதியான மரம் அது, மஞ்சள் பழத்தைத் தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரமும் ஒரு நீரூற்றும் சேர்ந்து ஓர் ஊரின் விலாசம் ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஆளுக்கு எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்பவைதான் முக்கியமான இரண்டு கேள்விகள்.

இனி 'அடி'. அரசடி, மடத்தடி, புளியடி என்று தமிழர் வாழும் எந்த ஊரிலும் இந்த வால் கிடைக்கும். மரத்தின் அடி, மடத்தின் அடி, அதாவது அதன் பக்கம். மடம் என்பது யாத்திரிகர் தங்கும் இடம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் நடந்தும் வண்டியிலும் வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால், ஒரு சந்திக்கு மடத்தின் பெயர் வந்ததில் புதுமை இல்லை. அடி என்று முடியும் பெயரில் இன்னொரு சிறப்பு: மரம் விழுந்த பிறகும் பெயர் நிற்கும். அரச மரமே இல்லாத அரசடிகள் எத்தனையோ உண்டு. பெயர் ஒரு காலத்தில் அங்கே என்ன இருந்தது என்று சொல்லும், இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லாது.

சரி, ஊரை விட்டுத் தெருவுக்கு வருவோம். இலங்கைத் தமிழில் வீதி, தெரு, ஒழுங்கை என்று மூன்று படி இருக்கிறது. தமிழ்நாட்டில் சாலை என்பதை நாம் வீதி என்கிறோம். பழைய தமிழில் வீதி என்றால் தேரோடும் அகன்ற வீதி. இப்போது மாட்டுவண்டி திரும்ப முடியாத இடத்துக்கும் அரசாங்கப் பலகை வீதி என்றே மாட்டுகிறது. பட்டினத்தின் பழைய பகுதிக்குள் போனால்தான் பெருந்தெரு, பட்டணத்தெரு என்று 'தெரு' வால் கிடைக்கும். வீதி என்று முடிந்தால் கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், வைத்த பெயராக இருக்கலாம், தெரு என்று முடிந்தால் வாயில் வந்த பெயராக இருக்கலாம். இது சட்டமில்லை, ஒரு கைவிளக்கு மட்டும்தான். கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தரின் 'கன்டோர்' என்பதிலிருந்து வந்தது. அவர்கள் 1795 இல் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள், சொல்லை எங்களிடம் விட்டுப் போனார்கள்.

போகும் இடத்தின் பெயரை வீதிக்கு வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். கண்டி வீதி கண்டிப் பக்கம் போகிறது, நிலாவெளி வீதி நிலாவெளிக்குப் போகிறது. அனுராதபுரச் சந்தியும் அப்படித்தான், அனுராதபுரம் அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. இந்த வகைப் பெயர் ஒரு பக்கம் பார்த்து நிற்கும் பெயர். நாங்கள் நிலாவெளி வீதி என்று சொல்லும் அதே தார் வீதியில் நிலாவெளிக்காரர் ஏறினால், அவருக்கு அது திருகோணமலைக்குப் போகிற வீதி. ஆகவே நிலாவெளி வீதி என்ற பெயர், அதைச் சூட்டியவர் பட்டினத்தில் நின்றுகொண்டு வடக்கே பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. ஆங்கிலேயர் 1795 முதல் இங்கே இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் கடற்படைத் தளத்தை 1957 வரை கையில் வைத்திருந்தார்கள். நூற்றி அறுபது வருடத்துக்கு மேல். அவ்வளவு காலம் ஒரு மொழி துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்றால் பெயர்களில் கறை படியாமல் இருக்குமா? அந்தப் பெயர்களைத் தமிழ் மூன்று வழியில் சமாளித்தது.

முதல் வழி மொழிபெயர்ப்பு. இன்னர் ஹார்பர் ரோட் உட்துறைமுக வீதி ஆனது, நோர்த் கோஸ்ட் ரோட் வடகரை வீதி ஆனது. இது கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்து செய்த வேலை. (இலக்கணப்படி உட்டுறைமுகம் என்றுதான் வர வேண்டும். அப்படி எழுதினால் உட்கார்ந்த துறைமுகமோ என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலும்.)

இரண்டாவது வழி காதில் விழுந்ததை அப்படியே வாங்குவது. டொக்யார்ட் வீதி அப்படி வந்தது. மட்கோ என்றொரு பகுதி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அது என்ன தமிழ் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அது 'மட் கோவ்', சேற்றுக் குடா. அதைச் சேற்றுக்குடா என்று மொழிபெயர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் கொட்பேயும் அதே கதை: கொட் என்பது மீன், பே என்பது குடா. என் கணிப்பு என்னவென்றால், இந்தப் பெயர்கள் கந்தோர் வழியாக வராமல் துறைமுகத்தில் வேலை செய்தவர்களின் காது வழியாக வந்தவை. எழுத்து வழியாக வரும் பெயர் மொழிபெயர்க்கப்படும், காது வழியாக வரும் பெயர் தேய்ந்து வழவழப்பாகும்.

மூன்றாவது வழிதான் நுட்பமானது. கேட்ட ஒலிக்குத் தமிழில் ஒரு பொருள் கொடுத்துவிடுவது. உவர்மலையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது 'ஓர்ஸ் ஹில்', ஓர் என்ற ஆளின் பெயரில் உள்ள குன்று. தமிழில் உவர் என்றால் உப்புத்தன்மை. உவர்நிலம், உவர்மண் என்கிறோம். கடற்கரை ஊரில் உவர் என்ற சொல் வருவது இயல்பாகத்தான் தோன்றும். விவேகானந்தா கல்லூரிக்குப் போகும் பிள்ளையைக் கேட்டால் உப்பு மலை என்றே விளக்கம் சொல்லும். ஓர், உவர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இவ்வளவு நெருக்கம் தற்செயலாக இருக்க முடியாது, ஒன்று மற்றதைப் பார்த்து உருவானது.

எது முந்தியது? இங்கேதான் வால் உதவிக்கு வருகிறது. உவர் என்பது பள்ள நிலத்தின் குணம். தண்ணீர் தேங்கி வற்றும் இடத்தில்தான் மண் உவர்க்கும். குன்றின் மேலே உவர் ஏறாது. உவர்வெளி என்றோ உவர்க்குளம் என்றோ இருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன். உவர்மலை என்னும்போது தலையும் வாலும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அதனால் நான் ஆங்கிலப் பெயர் முந்தியது, தமிழ்க் காது அதற்குப் பொருள் கொடுத்தது என்ற பக்கம் சாய்கிறேன். இதை முடிவாகத் தீர்க்க ஒலி போதாது. திகதியிட்ட பழைய வரைபடம் ஒன்றில் எந்தப் பெயர் முதலில் தலைகாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பெயர்களைப் பற்றிய விவாதம் தேநீர்க்கடையில் தொடங்கினாலும் தீர்ப்பு ஆவணத்தில்தான் இருக்கிறது.

புரம், நகர், புரி என்ற வால்களைக் கண்டால் வேறு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அன்புவழிபுரம், செல்வநாயகபுரம், லிங்கநகர், தேவநகர், தில்லைநகர், முருகாபுரி. இவற்றில் நிலம் இல்லை, மரம் இல்லை, தண்ணீர் இல்லை. கடவுள் இருக்கிறார், தலைவர் இருக்கிறார், ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. பட்டினத்தின் ஓரத்தில் மக்கள் புதிதாகக் குடியேறும்போது, அந்த இடத்தை வழிப்போக்கர் யாரும் முன்பே பெயர் சொல்லி அழைத்திருக்கவில்லை என்றால், கூடி இருந்து ஒரு பெயரைத் தெரிவு செய்வார்கள். எல்லாம் வைத்த பெயர்கள். செல்வநாயகபுரத்தில் இருப்பவர் 1949 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வா. பட்டினத்தில் உள்ள இராஜவரோதயம் வீதிக்குப் பெயர் தந்தவரும் அதே கட்சிக்காரர், 1950களில் திருகோணமலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். இங்குள்ள அபயபுர என்ற பெயரில் 'ம்' இல்லாததைக் கவனித்தீர்களா? அதே வடமொழிச் சொல்தான் தமிழுக்குள் வரும்போது புரம், சிங்களத்துக்குள் போகும்போது புர. ஓர் எழுத்தைப் பார்த்தே பெயரிட்டவர்களின் மொழியைச் சொல்லிவிடலாம். இந்த ஊரில் அந்த ஓர் எழுத்துக்குச் சில சமயம் கனம் அதிகம்.

கடலுக்கு அப்பால் கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர் இருக்கிறது. இதில் புதிர் எதுவும் இல்லை. முது + ஊர் = மூதூர், பழைய ஊர். முதலெழுத்து நீண்டதற்குப் பள்ளிக்கூடத்தில் ஆதிநீடல் என்று படித்திருப்போம். 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இந்தக் குடாவில்தான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். பத்தொன்பது வருடம் கழித்தே தப்பிப் போனான். அவனுக்கு இந்த இடம் கொட்டியாரம்.

பட்டினத்தின் சொந்தப் பெயருக்கு வர இவ்வளவு நேரமாகிவிட்டது. அதற்கு ஒரு தெருவின் வழியாகவே போவோம். இங்கே திருஞானசம்பந்தர் வீதி என்று ஒன்று உண்டு. சமயகுரவர் நால்வரில் ஒருவர் என்பதற்காக மட்டும் அவர் இந்த ஊர்ப் பலகையில் ஏறவில்லை. 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய தேவாரப் பதிகத்தில் இந்தத் தலம் 'கோணமாமலை' என்று வருகிறது. கவனியுங்கள், திரு இல்லை, திரியும் இல்லை. கோணம், மா, மலை. 'மா' என்பது பெரிய. அதை எடுத்துவிட்டால் கோணமலை. முன்னால் மரியாதைக்குத் திரு சேர்ந்தால் திருக்கோணமலை, நடுவில் க் வரும், திருக்குறளில் வருவது போல. அரசாங்கப் பலகைகள் அந்தக் க்கை விட்டுவிட்டன. ஊரில் நாங்கள் இன்னும் பலதை விட்டுவிட்டுத் திருமலை என்கிறோம். ஏழுமலையானின் திருமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் 'ட்ரி' என்று தொடங்குவதாலும் சிங்களத்தில் 'திரி' என்று தொடங்குவதாலும், மூன்று கோணம் உள்ள மலை, மூன்று மலை என்றெல்லாம் விளக்கங்கள் கிளம்பின. இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் வரும். ஆனால் சம்பந்தர் காலத்து வடிவத்தில் 'மூன்று' எங்கும் இல்லை. தலையில் ஒட்டிய மரியாதைச் சொல்லை எண் என்று வாசித்ததால் வந்த விளக்கம் அது. உவர்மலையில் நடந்ததும் இதுவும் ஒரே விதமான வேலைதான், ஒலியைக் கேட்டு மனம் பொருளைத் தைத்துவிடுகிறது. இந்தப் பெயர் கப்பலேறியும் போயிருக்கிறது. 1817 இல் பம்பாயில் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ட்ரிங்கோமலி' என்று பெயர். அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

பட்டினத்துப் பிரதேச செயலகத்தின் பெயர் 'பட்டணமும் சூழலும்'. அரசாங்கக் கடிதங்களில் இவ்வளவு இனிமையான தமிழ் அபூர்வம். ஆங்கிலத்தில் அது 'டவுன் அண்ட் கிரவெட்ஸ்'. கிரவெட்ஸ் என்பது பழைய இலங்கை ஆங்கிலத்தில் நகரின் காவல் எல்லையைக் குறித்த சொல். காலியிலும் மாத்தறையிலும் 'நான்கு கிரவெட்ஸ்' என்ற பிரதேசப் பிரிவுகள் இப்போதும் உள்ளன. காவல் போய்ச் சூழல் வந்தது நல்லதுதான். உப்புவெளி, பாலையூற்று, அன்புவழிபுரம் எல்லாம் அந்தச் 'சூழலும்' என்ற சொல்லுக்குள்தான் இருக்கின்றன.

உங்கள் தெருவின் பெயரை நீங்களே தேடிப் பார்க்க ஆசைப்பட்டால் நூலகத்துக்கு ஓடுவதற்கு முன் அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுங்கள். வீட்டு இலக்கத்தைத் தாண்டி, உறுதியில் காணிக்கென்று ஒரு பெயர் எழுதியிருக்கும். நான்கு எல்லைகளும் இருக்கும். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதி வரி வாங்கிய காலத்துப் பழக்கத்தின் தொடர்ச்சி என்று அதைச் சொல்லலாம். பழைய உறுதி என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதை எழுதியபோது பலகை இருந்திருக்காது. எழுதியவர் ஊர் வாயில் இருந்த பெயரைத்தான் போட்டிருப்பார். பிறகு அயலில் உள்ள மூத்த அம்மாவிடம் போய், "அம்மம்மா, முந்தி இந்த ஒழுங்கைக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "இதுக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால் கதை வரும், என்ன என்று கேட்டால் பெயர் வரும்.

எங்கள் வீட்டு உறுதியில் காணியின் பெயர் 'புளியடி வளவு'. வளவில் இருப்பது ஒரு மாமரமும் இரண்டு தென்னையும். மேற்கெல்லைக்கு 'ஒழுங்கை' என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்த ஒழுங்கையின் பெயரைத்தான் பொதி கொண்டு வந்த தம்பியிடம் ஒருத்தருக்கும் தெரியாதாம் என்றார்கள்.